எளிமையும் ஏந்தும்: காஞ்சித் தறிவழி ஓர் ஆய்வு

புதிய கருவிகளும் வசதிகளும் மக்களின் அன்றாட வாழ்வை எளிதாக்கினவா, அன்றிச் சிக்கலாக்கினவா என்னும் வினா மேடைதோறும் எழுப்பப்படுகின்றது. பட்டிமன்றங்களில் இருசாராரும் தத்தம் கட்சியை நாட்டுவர். நடுவர் ஒருபால் தீர்ப்புக் கூறுவர். கேட்டோர் மகிழ்ந்து செல்வர். வினா மட்டும் இருந்தவாறே இருக்கும். அதற்குக் காரணம் விடையின் அருமையன்று. வினாவில் வரும் சொற்கள் ஆராயப்படாமையே என்பது எம் கருத்து. ஆதலின் இக்கட்டுரையில் அச்சொற்களை முதற்கண் நோக்கிப் பின்னர் அவற்றைக் காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியின்மேல் வைத்து ஆராய்வாம்.

காஞ்சியைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு கருவியையே வாழ்வாகக் கொண்ட குடும்பங்கள் நிறைந்த நகர் அது. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடே தொழிற்கூடமாகவும், வீட்டாரே துணையாட்களாகவும் இருந்துவந்துள்ளனர். ஆங்குத் தறியில் நேரும் சிறு மாற்றமும் அடுப்படி வரை சென்று தாக்கும். கருவிக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவை அளந்தறிய இதனினும் சிறந்த இடம் அரிது.

சொற்களின் இயல்பு

முதலாவது 'சிக்கல்' என்னும் சொல். நூலும் மயிரும் ஒன்றோடொன்று பின்னிப் பிரிக்கவாராத நிலையைச் சிக்கு என்கிறோம். நெசவாளர் நாள்தோறும் விரலாற் பிரிக்கும் ஒன்றன் பெயரே வாழ்வின் இடர்ப்பாடுகளுக்கும் ஆகிவந்தது. 'நூல்' என்னுஞ் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாயினமையும், நூல் யாத்தலைப் பஞ்சு நூற்றலோடு நன்னூற் பாயிரம் உவமித்தமையும் தமிழறிந்தார் அறிவர். ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று. ஆடையும் இழைகளின் பின்னலே. சிக்கும் இழைகளின் பின்னலே. முறையுடையது ஆடை, முறைகெட்டது சிக்கு. பட்டுச் சேலையொன்றின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள. ஆயினும் அதனைச் சிக்கல் என்பாரிலர். எனவே பொருள்கள் பலவாதல் தானே சிக்கலாகாது. இல்லத்தில் பத்துக் கருவிகள் இருத்தலால் வாழ்வு சிக்கலாயிற்று என்பாரும், ஒன்றும் இல்லாமையால் முன்னோர் வாழ்வு தெளிவாயிருந்தது என்பாரும் எண்ணிக்கையை முறையோடு மயக்கினராவர்.

அடுத்தது 'எளிமை'. இதற்கு மூன்று பொருள்கள் வழக்கில் உள. செயல் வருத்தமின்றி முடிதல் ஒன்று. 'எளியவர்' என்னும்போது வறுமை அல்லது வலியின்மை மற்றொன்று. மூன்றாவது, அணுகத்தக்க தன்மை. அரசன் காண்டற்கு அரியனாதல் கூடாது என்று வள்ளுவர் இறைமாட்சியில் வற்புறுத்துவது இம்மூன்றாம் பொருளைப் பற்றியது. காஞ்சித் திருவெஃகாவில் வழங்கும் வரலாறும் இதனையே காட்டும். கணிகண்ணன் நாடுகடத்தப்பட்டபோது, திருமழிசையாழ்வார் வேண்டப் பெருமாள் தம் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன்சென்றார் என்பது அது. அதனால் அவர் சொன்னவண்ணஞ்செய்த பெருமாள் எனப் பெயர்பெற்றார். வைணவ உரையாளர் இதனைச் சௌலப்பியம், அஃதாவது எளிமை, எனப் போற்றுவர். இவ்வெளிமையில் வறுமையும் இல்லை. முயற்சிக் குறைவும் இல்லை. அழைத்தால் அருகில் வருதலே உளது.

மூன்றாவது 'வசதி'. வடமொழியில் உறைவிடத்தைக் குறித்த இச்சொல் தமிழில் வாழ்க்கைக்குரிய நன்மைகளைக் குறித்து, மேலும் விரிந்து செல்வத்தையே குறிப்பதாயிற்று. 'வசதியானவர்' என்றால் செல்வர். 'எளியவர்' என்றால் வறியவர். வசதி வாழ்வை எளிமையாக்குமா என்று தமிழில் வினவுங்கால், வினாவுக்குள்ளேயே இவ்விரு சாராரும் எதிரெதிர் நிற்கின்றனர். பிறமொழிகளில் மறைந்துகிடக்கக்கூடிய ஓர் உண்மை நம் மொழிவழக்கில் வெளிப்படையாயிருத்தல் காண்க. தனித்தமிழ் எழுதுவோர் வசதி என்பதற்கு 'ஏந்து' என்னுஞ் சொல்லை ஆள்வர். இஃது இன்னும் பொருத்தமுடையது. ஏந்து என்றவுடன் ஏந்துங் கை ஒன்று நினைவுக்கு வரல்வேண்டும். ஒருவர் இலகுவாக நடத்தற்குப் பிறிதொருவர் சுமையை ஏந்தியிருத்தல் கூடும். எந்த வசதியைக் கண்டாலும் அதனை ஏந்துங் கை யாருடையது என்று வினவுதலே ஆய்வாளர் கடமையாம்.

அடையும் ஜக்கார்டும்

இனித் தறிக்கு வருவோம். காஞ்சிச் சேலையில் பூவும் புட்டாவும் நெய்தற்கு முற்காலத்தில் 'அடை' என்னும் முறை வழங்கிற்று. பாவிழைகளுள் எவற்றை எப்போது தூக்கவேண்டும் என்பதைக் கயிறுகளிற் கட்டி அமைத்துக்கொள்வர். நெய்வோருக்குத் துணையாக ஒருவர் அக்கயிறுகளை முறைமாறாது இழுப்பர். ஓர் ஊடைக்கு ஓர் இழுப்பு. பூவின் வடிவம் கயிற்றிலும் இருவர் நினைவிலும் தங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் போக்கில் இம்முறை ஜக்கார்டுப் பெட்டிக்கு இடந்தந்து ஒதுங்கிற்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த இக்கருவியில், துளையிட்ட அட்டைகளே கயிறிழுப்போர் வேலையைச் செய்யும். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய இழை தூக்கப்படும். நெய்வோர் மிதியை மிதித்தால் போதும்.

இது வசதியா எனின், ஐயமின்றி வசதியே. கயிறிழுப்பதற்கென ஒருவர், பெரும்பாலும் இளையவர், நாள் முழுதும் உட்கார்ந்திருந்த நிலை நீங்கிற்று. அதனை நன்றன்று என்பார் தம் பிள்ளையை ஒருநாள் அவ்விடத்து இருத்திப் பார்ப்பாராக. ஆயினும் அந்த வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறிற்று. பூவைக் கட்டமிட்ட தாளில் வரைதல் ஒருவர் தொழிலாயிற்று. அட்டையிற் துளையிடுதல் மற்றொருவர் தொழிலாயிற்று. அட்டைக்கு விலை உண்டாயிற்று. பெட்டியைத் தூக்கும் பாரம் நெய்வோர் காலில் இறங்கிற்று. முன்னர் நெய்வோர் தம் நினைவிலிருந்து மாற்றக்கூடியதாயிருந்த பூவை இப்பொழுது மாற்றவேண்டின் அட்டைக்கட்டையே மாற்றல் வேண்டும். கை இலகுவாயிற்று; பூவோ கைக்கு எட்டாததாயிற்று. எளிமையின் முதற்பொருள் வளர, மூன்றாம் பொருள் தேய்ந்தது எனலாம்.

மின்னணு ஜக்கார்டு வந்தபின் இத்தேய்வு மேலும் ஒருபடி சென்றது. அட்டைக்குப் பதில் கணினிக் கோப்பு. ஊசிக்குப் பதில் மின்காந்தம். அட்டை கிழிந்தால் நெய்வோரே ஒட்டுப்போடலாம்; துளை பிழைத்தால் கண்ணாற் கண்டு திருத்தலாம். மின்சுற்றுக் கெட்டால் ஆள் வரும்வரை தறி நிற்கும். குழித்தறியின் மரத்தையும் மூங்கிலையும் ஊர்த்தச்சரும் நெய்வோருமே செப்பனிட்டுக்கொண்ட நிலையோடு இதனை ஒப்பிட்டு நோக்குக. இவான் இல்லிச் என்னும் அறிஞர் 1973-இல் வெளியிட்ட நூலில், ஆள்வோர் தம் நோக்கப்படி இயக்கத்தக்க கருவியையும், ஆள்வோரையே தன் போக்கில் இயக்கும் கருவியையும் வேறுபிரித்துக் காட்டினார். அவ்வேறுபாடு நம் 'எளிமை' என்னுஞ் சொல்லின் மூன்றாம் பொருளுள் முன்னரே அடங்கிக் கிடத்தல் அறியத்தக்கது.

மூன்றாம் நாடா

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் ஊடைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். அவற்றுள் ஒரு கரைக்குரிய நாடாவை ஓட்டத் துணையாள் ஒருவர் அருகமர்தல் மரபு. அத்துணையாள் நெடுங்காலம் சிறுவராகவே இருந்தனர் என்பதை மறைத்தற்கில்லை. 2003-இல் வெளிவந்த மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை, இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர் நிலையை ஆராய்ந்தபோது காஞ்சிபுரத்தையும் எடுத்துக்கொண்டது. முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளையின் கை தறியில் அமர்ந்த நிலை அதனால் உலகறியலாயிற்று.

பழைய தறிவாழ்வு எளிமையானது, இனிமையானது என்று பாராட்டும் கட்டுரைகள் பல உள. அவற்றை எழுதுவோர் இம்மூன்றாம் நாடாவை நோக்குவதில்லை. கோர்வை நெசவு குறைந்த கூலியில் நடந்தமைக்கு ஒரு காரணம், அதன் இரண்டாங் கை கூலிபெறாத அல்லது மிகச் சிறிது பெற்ற கையாய் இருந்தமை. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின்—செல்லவேண்டியதே முறை—அவ்விடத்தில் வளர்ந்த ஒருவரை அமர்த்தச் சேலைக்கூலி இடந்தரவில்லை. மனைவியோ, முதிய பெற்றோரோ அமர்ந்தனர். அவரும் இல்லாதவிடத்துக் கோர்வையே கைவிடப்பட்டது. கோர்வை அருகிவருவதற்குப் பொறியை மட்டும் பழிப்பது பொருந்தாது. ஏந்திநின்ற சிறுகை விலகியதும் சுமையின் உண்மை எடை தெரிந்தது என்பதே நேரிய கூற்று.

விளக்கும் அடுப்பும்

தறிக்கு வெளியே வந்த வசதிகளையும் நோக்குவோம். புறநானூற்றுப் பாடலொன்றில், காட்டுப்பூனைக்கு அஞ்சிய கோழி, இரவில் எழுந்த பருத்திப் பெண்டின் சிறுவிளக்கொளியால் அச்சந் தணிகின்றது. அழகிய காட்சி; எனினும் அவள் இரவில் எழுந்தது வேலைக்காக என்பதையும் மறத்தலாகாது. ஒளி கிடைக்குந்தோறும் வேலை நேரம் நீளுதல் அன்றே தொடங்கிற்று. மின்விளக்கு வந்தபின் தறிக்குழியின் இருள் நீங்கிற்று. கண்ணின் வருத்தம் குறைந்தது. கதிரவன் மறைந்தபின் தறியை விட்டெழ வேண்டும் என்னும் கட்டாயமும் உடன்நீங்கிற்று. தமிழக அரசு 2023-இல் கைத்தறியாளர்க்கு இரு திங்களுக்கு வழங்கும் விலையில்லா மின்சாரத்தை 200 அலகிலிருந்து 300 அலகாக உயர்த்தியது. நல்லதோர் உதவி இது. ஆயினும் விளக்கு ஓய்வுக்காக எரிகின்றதா, மேலும் ஒரு முழம் நெய்தற்காக எரிகின்றதா என்பதை மின்கணக்குக் கூறாது; கூலிக்கணக்கே கூறும்.

அடுப்படியிலும் இவ்வாறே. 2011 செப்டம்பர் 15 அன்று, காஞ்சியிற் பிறந்த அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்குந் திட்டத்தை மாநில அரசு தொடங்கிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்டிரின் தோளையும் முதுகையும் எவ்வளவு வருத்தின என்பதை அறிந்தார் இதனை எள்ளி நகையாடார். ஆயினும் நெசவாளர் இல்லத்தில் மிஞ்சிய நேரம் எங்கே செல்கின்றது? நூல் பிரித்தல், தார் சுற்றுதல், பாவு புனைதற்கு உதவுதல் ஆகியன பெரும்பாலும் பெண்டிர் கையில் உள்ளவை. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்று வகுக்கப்பட்டது. இவ்வேலைகளுக்குத் தனியே பெயருமில்லை, பணமுமில்லை. அம்மியினின்று விடுபட்ட நேரம் தாரிற் சென்று சேர்தல் இயல்பு. அமெரிக்க இல்லங்களை ஆராய்ந்த ரூத் சுவார்ட்சு கோவன் என்னும் அம்மையார், 1983-இல் வெளிவந்த தம் நூலில் இதனையொத்த முடிவுக்கே வந்தார். கருவிகள் வேலையின் கடுமையைக் குறைத்தனவே அன்றி இல்லத்தரசியின் வேலை நேரத்தை அவ்வளவாகக் குறைக்கவில்லை. பிறர் பகிர்ந்த வேலையும் அவர் ஒருவர்மேல் வந்துசேர்ந்தது என்பது அவர் கண்டது.

ஈண்டு ஒரு தடை எழலாம். மிஞ்சிய நேரத்தில் மிகுதியாக நெய்தால் மிகுதியான கூலி வருமன்றோ, அது நன்மையன்றோ எனின், கூலி நிலைத்து நிற்குமிடத்து அஃது உண்மையே. ஆயின் எல்லாரும் விரைந்து நெய்யுங்கால் சேலைக்கூலி அவ்வளவில் நிற்கும் என்பதற்கு உறுதி யாது? ஜக்கார்டு பிறந்த லியோன் நகரமே இதற்குச் சான்று. 1831-இல் அந்நகரப் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் கேட்டது நெசவுக்கு வரையறுத்த கூலிவிகிதம். கருவி அவர்களிடமே இருந்தது. கூலியை உறுதி செய்யும் ஆற்றல் இல்லை. கருவியின் பயன் உடைமையாலும் விலையாலும் முடிவாகின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாம்.

கலையிற் கண்ட தறி

நெசவாளர் வாழ்வைத் தமிழில் எழுதியோர் சிலரே. தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) கைத்தறியாளர் வேலையிழந்து வாடிய நிலையைக் காட்டிற்று. எம். வி. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ' (1975) கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளர் குடும்பத்துக்குள் நம்மை அழைத்துச் சென்றது. காஞ்சியையே களமாகக் கொண்டது, பிரியதர்சன் இயக்கிய 'காஞ்சிவரம்' (2008) என்னும் திரைப்படம். 2007-ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளுள் சிறந்த திரைப்படத்துக்கான விருதைப் பெற்றது. தன் மகளை மணநாளில் பட்டுடுத்து அனுப்புவதாக நெசவாளன் ஒருவன் வாக்களிக்கின்றான். முதலாளியின் கூடத்தில் அவன் நாள்தோறும் பட்டு நெய்கின்றான். ஒரு சேலையும் அவனுக்கு உரியதன்று. இழையை வாயிலொளித்துக் கொணர்ந்து, தன் வீட்டுக் கொட்டிலில் மறைவாக ஒரு தறியில் நெய்கின்றான். முடிவில் அரைகுறையாய் நின்ற அப்பட்டு மகளின் உயிரற்ற உடலை முழுதும் மூடப் போதவில்லை.

இப்படத்தைப் பெரும்பாலோர் வறுமையின் அவலமாகக் கண்டனர். அது பொருந்துமாயினும் முழுமையன்று. யாம் அதிற் காண்பது இரண்டு தறிகளின் வேறுபாடு. கூடத்துத் தறியும் கொட்டில் தறியும் கருவியளவில் ஒன்றே. நெய்யுங் கையும் ஒன்றே. முதலாவதில் அவன் வல்லவன். பட்டோ அவனுக்கு எட்டாதது. இரண்டாவதில் பட்டு அவனுடையது. அதனை நெய்தலோ களவு. கருவி வாழ்வை எளிதாக்குமா என்னும் வினாவுக்குக் கருவியை மட்டும் பார்த்து விடைகூற இயலாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய கலைப்படைப்பை யாம் அறியோம். படத்துக்குக் குறை ஒன்று உண்டு. பட்டின்மேலுள்ள ஏக்கத்தை நுணுகிக் காட்டிய இயக்குநர், நெய்தலில் உள்ள அறிவை அவ்வளவு நுணுகிக் காட்டினாரல்லர். அவ்வறிவும் அவனுடைய உடைமையே. அதனையும் அவன் இழக்கக்கூடும் என்பது படத்தில் எழாத வினா.

சட்டத்தின் சொல்

இவ்வினா இன்று வெறும் கருத்தாராய்ச்சியன்று. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியனவாக ஒதுக்கிற்று. தொடக்கத்தில் 22 வகைகளாய் இருந்த அவ்வொதுக்கீடு 1996-இல் 11 ஆகச் சுருங்கிற்று. விசைத்தறி அல்லாத தறி யாதும் கைத்தறி என்பது அச்சட்டத்தின் இலக்கணம். நெசவின் ஒரு செயலேனும் மனித ஆற்றலால் நடக்குமாயின் அத்தறியையும் கைத்தறி எனலாம் என்னும் திருத்தம் சில ஆண்டுகளுக்கு முன் முன்மொழியப்பட்டு எதிர்ப்புக்குள்ளாயிற்று. அதற்குக் காட்டப்பட்ட நியாயம் நெசவாளரின் உடல்வருத்தத்தைக் குறைத்தல் என்பது.

இவ்விடத்தில் இருவகைப் பிழைக்கும் இடமுண்டு. வருத்தங் குறைதலே நோக்கமெனின், ஜக்கார்டைக் காற்றழுத்தத்தாலோ மின்விசையாலோ தூக்கும் பொறிக்கு அரசுத் திட்டங்களிலேயே உதவி இடம்பெற்றுள்ளது. இலக்கணத்தை நெகிழ்த்த வேண்டுவதில்லை. இலக்கணம் நெகிழுமாயின், பெயரளவில் ஒரு கை தொட்ட தறியெல்லாம் கைத்தறியாகி, ஒதுக்கீடு என்னும் ஒரே காப்பும் பயனற்றதாகும். மறுபுறம், வாங்குவோர் சிலர் நெய்வோர் காலில் நோவு இருந்தால்தான் பட்டு உயர்ந்தது எனக் கருதுவது அறமன்று. முழங்கால் தேய்தல் மரபன்று. ஊடையைப் பாவோடு சேர்க்கும் முறையறிவே மரபு. மரபைக் காத்தல் என்னும் பெயரால் பிறர் நோவைக் காத்தல் தகாது. சுமையை விசை ஏந்துக. முறையைக் கை ஏந்துக என்பதே யாம் கொள்ளும் எல்லை.

காந்தியடிகளும் இத்தகைய எல்லையொன்றை வகுத்தார். 1924-இல் பொறிகளைப் பற்றி வினவப்பட்டபோது, சிங்கர் தையற்பொறியைத் தம் மறுப்பினின்று விலக்கினார். மனைவியின் தையல் வருத்தத்தைக் குறைக்க வேண்டுமென்னும் அன்பினால் பிறந்தது அப்பொறி என்று அவர் கருதியதே காரணம். வசதியைப் பிறப்பித்த நோக்கத்தை அவர் வினவினார். நோக்கத்தோடு நில்லாது, அது வந்துசேர்ந்த பின் யார்க்கு யாது செய்கின்றது என்பதையும் வினவுதல் வேண்டும். அன்பிற் பிறந்த தையற்பொறியே பின்னர் ஆடை ஆலைகளில் நீண்ட வரிசைகளாய் நின்று இலக்குவைத்து வேலைவாங்குங் கருவியாயிற்று.

முடிபு

மேற்கூறியவாற்றால், வசதிகள் வாழ்வை எளிதாக்குமா சிக்கலாக்குமா என்னும் வினா அவ்வடிவில் விடைபெறத்தக்கதன்று என்பது போதரும். அதனை மூன்றாகப் பிரித்துக்கொள்ளல் வேண்டும். குறைந்ததாகத் தோன்றும் வேலையை இப்பொழுது ஏந்துங் கை யாருடையது? மிஞ்சிய நேரம் யாருக்கு உரியதாயிற்று? கருவி பழுதுறுங்கால் ஆள்வோர் கை அதற்கு எட்டுமா? ஜக்கார்டு முதல் வினாவில் பெரும்பாலும் தேறும். மூன்றாவதில் ஓரளவு தளரும். மிக்சியும் மின்விளக்கும் முதல் வினாவில் தேறும். இரண்டாவதில் கூலிமுறை திருந்தும்வரை தேறா. பழைய கோர்வைத்தறியோ மூன்றாவதில் நன்கு தேறி, முதலாவதில் முற்றும் தோற்றது. ஏனெனில் அதனை ஏந்திய கை ஒரு சிறுவன் கை.

காஞ்சிச் சேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அஃது ஊரின் பெயரைக் காக்கும். நெய்வோர் நேரத்தைக் காக்குங் குறியீடு சேலைக்கூலி ஒன்றே. கோர்வைக்கு அமரும் இரண்டாங் கைக்கும், தார் சுற்றும் கைக்கும் தனித்தனியே கூலி வகுக்கப்படுமாயின், பின்வரும் எந்தப் பொறியையும் அவ்வில்லத்தார் அஞ்சாது வரவேற்பர். அவ்வாறு வகுக்கப்படாதவரை, ஓரிடத்துச் சிக்கை எடுத்து மற்றோரிடத்தில் விட்டதையே நாம் எளிமை என்று பெயரிட்டு வழங்குவோம்.